'மீட்' என்று தொடங்கும் பொத்தான்

ஜூன் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் நலம். உங்கள் மனைவி நலம். எம்பிராய்டரி மிஷின் நலம். கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை.

நமக்குள் கடிதம் எழுதும் பழக்கம் இல்லை. கல்யாணமாகி மூன்று வருஷமாக உங்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் உங்கள் மனைவியிடம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறையும் "உன் வீட்டுக்காரருக்கு எழுதும்போது இதையும் கேளு" என்றுதான் ஆரம்பித்தேன். அவள் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "கம்ப்யூட்டரைத் தொட்டது அவரு. பக்கத்துல நின்னு பார்த்தது நீ. நடுவுல நான் எதுக்கு? நீயே எழுதும்மா" என்று சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் மலைக்குக் கிளம்பிய அன்று, வண்டி வர இன்னும் நேரமிருக்கிறதே என்று பட்டறைக்குள் வந்தீர்கள். கம்ப்யூட்டரின் மூலையில் 'புதிய பதிப்பு தயார்' என்று ஒரு நீலக் கட்டம் இருந்தது. அது எத்தனையோ மாதமாக அங்கே இருக்கிறது. நானும் அதுவும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் காலம் தள்ளிவந்தோம். நீங்கள் "இதை இப்படி விடக்கூடாது அத்தை, அஞ்சு நிமிஷ வேலை" என்று ஒரு தட்டுத் தட்டினீர்கள். மாப்பிள்ளை நமக்கு நல்லது செய்கிறார், நாம் என்ன சொல்ல முடியும்? வண்டி வந்தது, நீங்கள் போய்விட்டீர்கள். அந்த ஐந்து நிமிஷம் மறுநாள் மத்தியானம் வரை நடந்தது.

இப்போது அது காலையில் திறந்தவுடன் ஒரு நீர்வீழ்ச்சியைக் காட்டி, இந்தக் காட்சி பிடித்திருக்கிறதா என்று கேட்கிறது. பிடித்திருக்கிறது என்றாலும் விடுவதில்லை, இன்னொன்றைக் காட்டுகிறது. பாதி வேலையில் தானே அணைந்து, தானே எழுந்து, 'கிட்டத்தட்ட முடிந்துவிட்டது' என்கிறது. என்ன முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எம்பிராய்டரி மிஷினை மட்டும் அதற்கு அடையாளமே தெரியவில்லை. கேபிளைச் செருகினால் 'அறியப்படாத சாதனம்' என்று வருகிறது. இத்தனை நாளாக ஒரே மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மிஷினைப் பார்த்து யார் நீ என்று கேட்டால் வயிறு எரியாதா?

கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார், டீ குடித்தார், "எல்லா வீட்லயும் இதே கதைதான்கா" என்றார், போய்விட்டார்.

புது ஆஸ்பத்திரி ஆர்டர் விஷயம் உங்களுக்குத் தெரியும். நர்ஸ்கள் கோட்டில் எல்லாம் புறாச் சின்னம். ஜூலை பதினெட்டு திறப்பு விழா, அதற்குள் கொடுத்தாக வேண்டும். பழைய முதலாளியம்மாவிடம் இத்தனை வருஷம் கைகட்டி வேலை பார்த்துவிட்டு, தனியாகப் பட்டறை போட்டு எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் இது. இதைச் சொதப்பினால் மறுபடியும் அவரிடமே போய் நிற்க வேண்டியதுதான்.

உங்களை ஒன்றும் சொல்லவில்லை, கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன்.

அத்தை


ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன். கம்ப்யூட்டருக்குத்தான் என்று தெரிந்ததும் ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷம் அந்த நீலக் கட்டம் ஞாபகம் வந்து நிம்மதி போய்விட்டது.

போன் செய்திருப்பேன். ஆனால் சுரங்க வேலை நடக்கும் இந்த முகாமில் சிக்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆபத்துக்கென்று ஒரு போன் ஆபீஸில் இருக்கிறது. பாறை சரிந்தால் பேசலாம், கம்ப்யூட்டர் சரிந்தால் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாமான் வேன் வாரம் இரண்டு முறை வரும், அதுதான் நமக்குத் தபால்.

கவலைப்படாதீர்கள் அத்தை. புதிய பதிப்பு பிடிக்கவில்லை என்றால் பழையதற்கே திரும்பிப் போக வழி வைத்திருக்கிறார்கள். அமைப்புகளுக்குள் போனால் 'மீட்பு' என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ஒரு பொத்தான் இருக்கும். என் கம்ப்யூட்டர் எல்லாம் ஆங்கிலம், உங்களுடையது தமிழ். தமிழில் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று சரியாக ஞாபகம் வரவில்லை. ஆனால் 'மீட்' என்று தொடங்கும், அது நிச்சயம். அதை அழுத்துங்கள். ஏதாவது கேள்வி கேட்கும், எல்லாவற்றுக்கும் 'ஆம்' கொடுங்கள். பயப்பட ஒன்றுமே இல்லை.

பொதுவாக இந்தப் புதிய பதிப்புகள் இவ்வளவு தொந்தரவு தருவதில்லை. உங்கள் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சம் வயதாகிவிட்டது.

மாப்பிள்ளை


ஜூன் 13

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன்.

'மீட்' என்று தொடங்கும் பொத்தான் ஒன்று அல்ல, இரண்டு. மேலே 'மீட்டமை'. கீழே 'மீட்டெடு'. உங்கள் மனைவி "இரும்மா, எதுன்னு கேட்டு எழுதலாம்" என்றாள். மாப்பிள்ளை ஒன்று என்று எழுதியிருக்கிறார், முதலில் கண்ணில் படுவதைத்தான் சொல்லியிருப்பார், இதற்குப் போய் அவரை இன்னொரு தரம் தொந்தரவு செய்வதா என்று மேலே இருந்ததை அழுத்தினேன்.

கேள்வி கேட்டது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' கொடுத்தேன். ஒரு இடத்தில் 'அனைத்தையும் அகற்றவா?' என்றுகூடக் கேட்டது. பழுதையெல்லாம் அகற்றப் போகிறது, நல்ல காலம் பிறந்தது என்று அதற்கும் 'ஆம்' கொடுத்தேன்.

கம்ப்யூட்டர் இப்போது மிக நன்றாக ஓடுகிறது. உள்ளே ஒன்றுமே இல்லை. டிசைன் போடும் புரோகிராம் இல்லை, நான் போட்டு வைத்த புறா இல்லை. பழைய ஆர்டர் டிசைன்கள் ஒரு பென் டிரைவில் இருக்கின்றன. புறாவை மட்டும் வேலை முடிந்ததும் எடுத்து வைக்கலாம் என்று விட்டிருந்தேன். நீர்வீழ்ச்சி மட்டும் அப்படியே இருக்கிறது.

புரோகிராம் சிடியைப் போட்டுப் பார்த்தேன். 'இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது' என்று துப்பிவிட்டது. புதிது வாங்கும் விலையைக் கேட்டேன், கேட்ட வாயை மூடிக்கொண்டேன். அக்கம்பக்கத்துக் கடைகளில் எல்லாம் இதே புதுப் பதிப்புதான். பழையது இருக்கும் ஒரே இடம் பழைய முதலாளியம்மாவின் கடை.

அவருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, நேற்று பட்டறைக்கே வந்துவிட்டார். மிஷினைத் தடவிப் பார்த்தார். "பேசாம ஆர்டரை என்கிட்ட விட்டுடு. நீயும் வந்துடு. உன் நாற்காலியை நான் யாருக்கும் குடுக்கல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் போன பிறகு ஒரு மூச்சு அழுதேன், அதை உங்கள் மனைவிக்குச் சொல்ல வேண்டாம்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு சொல்லையும் ஒரே மாதிரி வைத்தவர்களைத்தான் சொல்கிறேன்.

அத்தை


ஜூன் 15

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். 'மீட்டெடு' என்று முழுதாக எழுதியிருக்க வேண்டும், 'மீட்டமை' எல்லாவற்றையும் துடைத்துவிடும். பாதிச் சொல்லை எழுதி அனுப்பினேன், நீங்கள் மீதியை என்மேல் வைத்த மரியாதையால் நிரப்பிவிட்டீர்கள். தயவுசெய்து இனி நான் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் மகளைக் கேளுங்கள்.

ஒரு வழி இருக்கிறது. இங்கே சாமான் அறையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. ஸ்டோர்கீப்பருடையது. முகாமில் இன்டர்நெட் இல்லாததால் அதற்குப் புதிய பதிப்பு என்று ஒன்று வந்ததே தெரியாது. போதாததற்கு ஸ்டோர்கீப்பர் திரையின் ஓரத்தில் 'எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லவும்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார். முதலில் பார்த்தபோது சிரித்தேன். இப்போது அவரைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

புரோகிராம் சிடியையும், ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒப்புக்கொண்ட மாதிரிப் புறா ஒன்றையும் வேனில் அனுப்புங்கள். நான் அதில் புரோகிராமைப் போட்டு, புறாவை வரைந்து பென் டிரைவில் அனுப்புகிறேன். உங்கள் மிஷினின் பின்பக்கத்தில் பென் டிரைவ் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நடுவில் கம்ப்யூட்டரே தேவையில்லை.

நாற்காலியைப் பற்றி யோசிக்காதீர்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 19

மாப்பிள்ளைக்கு,

துளை இருக்கிறது. பஞ்சும் தூசியுமாக அடைத்துக் கிடந்தது, ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். இத்தனை நாள் பின்பக்கம் யார் பார்த்தது?

சிடியை ஒரு துண்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மாதிரிப் புறா ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதையும் அனுப்புகிறேன். எண்ணெய்க் கையால் தொடாதீர்கள்.

உங்களுக்கு அங்கே உங்கள் வேலை இருக்கும். அதற்கு நடுவில் இதையும் சுமத்துகிறேனே என்று கூச்சமாக இருக்கிறது. முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

அத்தை

உங்கள் மனைவி எட்டிப் பார்த்து, 'ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்' என்பது பொய் என்று எழுதச் சொல்கிறாள்.


ஜூன் 30

அன்புள்ள அத்தைக்கு,

இத்துடன் பென் டிரைவ்.

ஸ்டோர்கீப்பரை வழிக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "என் கம்ப்யூட்டர்ல பறவையா? ஆடிட்டுக்கு வந்தா நான் என்னன்னு சொல்றது?" என்றார். மாமியார் விஷயம் என்று சொன்னேன். முகம் மாறிவிட்டது. அவருக்கும் ஒரு மாமியார் இருக்கிறாராம். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் கணக்கு எழுத உட்காரும் வரை எனக்கு அனுமதி. நான் வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஏதாவது பொத்தானை நான் நெருங்கினால் "வேண்டாம்னு சொல்லுங்க சார், வேண்டாம்னு சொல்லுங்க" என்பார்.

புறாவை அளந்து, சிறகின் வளைவையெல்லாம் இங்கே நான் சுரங்கத்துக்கு அளப்பதுபோல் மிகச் சரியாக எடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரித் துணி அடிக்கடி துவைக்கப்படும் என்பதால் தையலை நீங்கள் போட்டதைவிட இரண்டு மடங்கு நெருக்கமாக்கியிருக்கிறேன். காலத்துக்கும் பிரியாது. எல்லாத் தையலும் ஒரே திசையில் நேராக ஓடும். பார்க்கவே ஒழுங்காக இருக்கிறது. எனக்கே கொஞ்சம் பெருமை.

மாப்பிள்ளை


ஜூலை 3

மாப்பிள்ளைக்கு,

பென் டிரைவ் வந்தது. மிஷின் மறுபேச்சில்லாமல் அதை எடுத்துக்கொண்டது. அதற்கு உங்களுக்கு முழு மார்க். கோட்டுத் துணியில் ஒரு துண்டை ஃபிரேமில் மாட்டி ஓடவிட்டேன்.

புறா வந்தது. அதாவது, ஏதோ ஒன்று வந்தது. உங்கள் மனைவியைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்டேன். "முட்டைமேல உட்கார்ந்திருக்கிற கோழி" என்றாள். அலகில் இருந்த இலையைப் புழு என்றாள்.

நடுவில் நூல் அட்டையாக விறைத்துக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் துணி சுருங்கிப்போய்விட்டது. ஒரு கோழிக்கே பாபினில் இருந்த அடிநூல் முழுக்கக் காலி. வால் வரும்போது ஊசியும் முறிந்தது.

இரண்டு மடங்கு நெருக்கமா? யாரைக் கேட்டு இரண்டு மடங்காக்கினாய்? இது என்ன அணைக்கட்டா, தண்ணீர் கசிந்துவிடும் என்று பயப்பட? ஒரு நர்ஸ் பெண் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நிமிர வேண்டும். சிறகு ஒரு பக்கம் சாயும், வால் ஒரு பக்கம் சாயும், தையலும் அதன் கூடவே சாய வேண்டும். நீ எல்லாவற்றையும் ஒரே திசையில் ஓட்டினால் சிறகு எது, வயிறு எது என்று எவன் கண்டுபிடிப்பான்? அஞ்சு நிமிஷ வேலை என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டி ஏறினாய். மீட் என்று பாதிச் சொல்லை எழுதி அனுப்பினாய். அதற்குமேல் என் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்று ஒரு வார்த்தை. இப்போது கோழி. எதையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்துச் செய்ய மாட்டாயா? அப்படி என்ன அவசரம் உனக்கு?

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அடித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை, வேன் டிரைவர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். மன்னிக்கவும் என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றால் மனசு வரவில்லை. திட்ட வேண்டியதைத்தான் திட்டியிருக்கிறேன்.

கோழியையும் இதோடு வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனாவால் எந்தத் தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அதன் மேலேயே கோடு போட்டிருக்கிறேன். நெருக்கத்தைப் பாதியாக்கு. இது சரியாக வரவில்லை என்றால் அடுத்த வாரம் ஆர்டரை முதலாளியம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

அத்தை


ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

கடிதத்தைச் சாமான் அறையில் நின்றுகொண்டே படித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்து ஸ்டோர்கீப்பர் நல்ல செய்தியா என்று கேட்டார். மாமியார் திட்டியிருக்கிறார் என்றேன். "அதுக்கா சார் சிரிக்கிறீங்க?" என்று தள்ளி நின்றுகொண்டார்.

அவருக்கு எப்படிச் சொல்வது? அம்மா போன பிறகு என்னை இப்படி உரிமையோடு திட்ட ஆள் இல்லை. இங்கே எல்லோருக்கும் நான் சார். உங்கள் வீட்டில் மாப்பிள்ளை. வந்தால் நல்ல நாற்காலி, பெரிய டம்ளர், "அவர் என்ன சொல்றாரோ அதுபடி" என்று ஒரு பதில். அந்த வீட்டில் எதையாவது உடைத்தால்கூட, பழசுதான் மாப்பிள்ளை, பரவாயில்லை என்பீர்கள். மூன்று வருஷமாக எனக்கு அங்கே விருந்தாளி வேலைதான். அன்றைக்கு அந்த நீலக் கட்டத்தைத் தட்டியதுகூட, இந்த வீட்டில் எனக்கும் ஒரு வேலை இருக்கட்டுமே என்றுதான். நீங்கள் அடிக்காமல் விட்ட அந்தப் பத்தியை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் திருத்தி அனுப்பினால் வாங்க மாட்டேன்.

இனி புறா. சிவப்புக் கோடுகள் சொல்லும்படி சிறகு, வால், வயிறு, இலை எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துத் தையலைச் சாய்த்திருக்கிறேன். நெருக்கம் பாதி. நானாக ஒன்று சேர்த்திருக்கிறேன், பயப்படாதீர்கள். பழைய மாதிரியில் ஊசி வயிற்றை முடித்துத் தாவி அலகுக்குப் போய், மறுபடி தாவி வாலுக்கு வருகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் நூலை நறுக்க வேண்டும். எந்த வழியாகப் போனால் திரும்ப வர வேண்டியதில்லை என்று பார்ப்பதுதான் இங்கே என் தொழில். வாலில் ஆரம்பித்து இலையில் முடியும்படி ஒரே ஓட்டமாக வழி போட்டிருக்கிறேன். நடுவில் நறுக்கும் வேலையே இல்லை. நேரம் மிச்சமாகும்.

இந்த முறை ஸ்டோர்கீப்பரிடமும் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார். "புறா" என்றார். அதற்குப் பிறகுதான் கவரை ஒட்டினேன்.

பதில் வரும் வரை எனக்குச் சோறு இறங்காது. சீக்கிரம் எழுதுங்கள், திட்டாக இருந்தாலும் சரி.

மாப்பிள்ளை


ஜூலை 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சீக்கிரம் எழுதச் சொன்னாய். எழுத எங்கே கை இருந்தது? பென் டிரைவ் வந்த நிமிஷத்திலிருந்து மிஷின் ஓய்வில்லாமல் ஓடியது. உன் மனைவி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஃபிரேம் மாட்டினாள். நான் மிஷினைப் பார்த்துக்கொண்டேன். ஊசி வாலில் இறங்கி, வயிற்றைச் சுற்றி, சிறகுக்கு ஏறி, அலகு வழியாக இலையில் வந்து நின்றது. முதல் புறா முடிந்தது. நான் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். முன்பக்கம் எவனும் ஏமாற்றலாம், பின்பக்கம்தான் உண்மை சொல்லும். ஒரு முடிச்சு இல்லை, ஒரு தொங்கல் நூல் இல்லை. நான் போட்ட புறாவைவிட இது நல்ல புறா. பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நீ மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் இல்லையென்றால் முடிந்திருக்காது. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கோட்டு எல்லாவற்றையும் அடுக்கி ஆட்டோவில் ஏற்றினோம். அப்போது பழைய முதலாளியம்மா தெருவில் வந்தார். ஒரு கோட்டை எடுத்து விரலால் தடவினார். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த விரல், அதை ஏமாற்ற முடியாது. "நாற்காலியை வேற ஆளுக்குக் குடுத்துடறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றையும் ஒதுக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் ஆட்களுக்கும், ஆம்புலன்ஸ் டிரைவர்களுக்கும் நீயே செய்து கொடும்மா என்று அங்கேயே சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்குக் கால் தரையில் ஊன்றியது. கம்ப்யூட்டர் அப்போதும் வீட்டில் நீர்வீழ்ச்சி காட்டிக்கொண்டுதான் இருந்தது, காட்டிக்கொள்ளட்டும்.

பிறகு மேனேஜர் புது ஆர்டருக்கு ஒரு தாளை எடுத்து, "டிசைன் ரொம்ப நல்லா இருக்கும்மா, யாரு போட்டது?" என்று கேட்டார்.

"என் பையன்" என்றேன்.

உன் மனைவி பக்கத்திலிருந்து என் முழங்கையை இடித்து, "அம்மா, மாப்பிள்ளை" என்றாள். மேனேஜர் பேனாவோடு என்னைப் பார்த்தார்.

"எழுதிக்கங்க சார், பையன்தான்" என்றேன்.

அத்தை